நாற்பத்திரண்டு பேர் தொட்ட பை

சங்கரபாண்டியனிடம் ஒரு ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டர் வராது, நாள்தான் வரும். பாட்னா நாலு நாள். கான்பூரும் ஏறத்தாழ அதே கணக்கு. குவாஹாத்தி ஏழு நாள், மழைக்காலமென்றால் ஒன்பது. வெம்பக்கோட்டைப் பக்கத்தில் முப்பத்தெட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தது என்று போன் வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தே வயது அறுபத்து மூன்று ஆகிவிட்டது. உலகத்தில் உள்ள எல்லாத் தூரமும் லாரிச் சக்கரத்துக்குள் அடங்கிவிடும் என்பது அவர் கட்சி.

அடங்காத தூரம் ஒன்று அந்த ஆவணி மாதத்தில் வந்து சேர்ந்தது. அவருடைய ஒரே மகள் பிரீத்திகா கனடாவில் டொரண்டோ பக்கம் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம். முதல் குழந்தையை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று சொல்லி, புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை எட்டு மணி என்று நாளும் நேரமும் குறித்துவிட்டார்கள். முதல் பிரசவத்துக்குச் சங்கரபாண்டியனின் மனைவி யோகேஸ்வரி போயிருந்தாள். அவள் தவறி இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை சரவணக்குமார் புது வேலைக்காகப் புது ஊரில் குடியேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்தில் முகம் தெரிந்த ஆள் கிடையாது. நாலு வயதுப் பேரனை யாராவது பார்த்துக்கொண்டால்தான் மாப்பிள்ளை ஆபரேஷன் அறைக்குள் மகள் பக்கத்தில் இருக்க முடியும். இல்லையென்றால் அவர் பையனோடு வெளியே. அவள் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

இதைப் போனில் சொல்லும்போது பிரீத்திகா அழவில்லை. நீங்கள் வர வேண்டும் என்று சொல்லவில்லை அப்பா, சீசன் நேரம் என்று எனக்குத் தெரியாதா என்றாள். அந்த வார்த்தைதான் அவரைக் குத்தியது. நாலு வருஷத்துக்கு முன்னால் யோகேஸ்வரி கூட வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, சீசன் முடியட்டும் என்று சொன்னவர் அவர். சீசன் முடிந்தது, அடுத்த சீசனும் வந்தது. இருவரும் சேர்ந்து போகிற யோகம் மட்டும் வரவே இல்லை.

"நீ தனியாப் போக மாட்டத்தா" என்றார் மகளிடம். "செவ்வாக்கெளம காலையில அப்பா அங்கன இருப்பேன்."

தீபாவளிக்கு நாலு வாரம் இருக்கும்போது பட்டாசு முதலாளி ஊரை விட்டுப் போவது, பந்தி போடுகிற நேரத்தில் சமையல்காரர் எழுந்து போவது மாதிரி. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வியாக்கியானம் சொன்னார்கள். பிள்ளைப்பேறு பார்க்க ஆம்பளை போவதா என்றும் ஒரு பேச்சு ஓடியது. மனுஷர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர்மேன் சோலைமலையைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தார். கம்பெனியில் நெடுநாள் தொழிலாளியான சின்னத்தாயிடம் கேட்டு, சுக்கு, திப்பிலி, ஓமம் என்று ஒவ்வொன்றாக வாங்கி, பிரசவ லேகியத்தைத் தானே கிண்டினார். முதல் தடவை அடிப்பிடித்து வீடே புகைந்தது. இரண்டாம் தடவை தேறிவிட்டது. விசாவைப் பற்றிக் கவலையில்லை. முதல் பிரசவத்தின்போதே இருவருக்கும் சேர்த்துப் பத்து வருஷத்துக்கு வாங்கி வைத்திருந்தாள் யோகேஸ்வரி. இருந்தபோதும் அவள்தான் வழி பண்ணினாள், போன பிறகும் அவள்தான்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தது சிவகாசியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அருள்பாண்டி. அவரிடம் சங்கரபாண்டியன் கேட்ட முதல் கேள்வி, எம்புட்டு நாள் ஆகும் என்பதுதான். நேர்கோடாக இழுத்தால் மதுரையிலிருந்து பதின்மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்றார் அருள்பாண்டி. ஆனால் பிளேன் அப்படிப் போகாது. மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து ஒரே தூக்காக டொரண்டோ. மொத்தம் பதினாலாயிரத்துக்கு மேல் வரும். சங்கரபாண்டியன் மனசுக்குள் லாரிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு மாதம். நடுவில் கடல் வேறு.

பிறகு டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு மதுரையில் ஏறினால் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு டொரண்டோவில் இறங்கலாம் என்று அதில் இருந்தது. விரல் விட்டு எண்ணினால் பத்தொன்பதரை மணி நேரம்தான் வருகிறது. ஆனால் அருள்பாண்டி இருபத்தொன்பது மணி நேரப் பயணம் என்கிறார். ஏதோ ஏமாற்று வேலை என்று சந்தேகப்பட்டுவிட்டார். அருள்பாண்டி பொறுமையாக விளக்கினார். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. உடம்புக்கு இருபத்தொன்பது மணி நேரம், காகிதத்துக்குப் பத்தொன்பதரை. மிச்சம் ஒன்பதரை மணி நேரம் போகிற வழியில் இனாமாகக் கிடைக்கிறது.

இனாம் என்றதும் சங்கரபாண்டியன் முகம் மலர்ந்தது. வியாபாரி அல்லவா. ஆனாலும் இன்னொரு கேள்வி கேட்டார். ஒருவேளை அந்த மதுரை பிளேனை விட்டுவிட்டால்?

அருள்பாண்டி சிரிக்கவில்லை. அதை விட்டால் எல்லாம் மறுநாளைக்குப் போய்விடும் என்றார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்குவீர்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி போக ஒரு மணி நேரம். அதற்குள் பிரீத்திகா உள்ளே போயிருப்பாள்.

கடைசியாக அவர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். சிவகாசிக்காரர்களுக்கு டிக்கெட் போடுகிறவர் என்பதால் அவருக்கு அது மனப்பாடம்.

"அண்ணாச்சி, பை புதுசா வாங்குங்க. துணி வீட்டுல வெளுத்ததா இருக்கட்டும். கெளம்புற அன்னைக்கு மட்டும் கம்பெனிப் பக்கம் போயிராதீக. ஏர்போர்ட்டுல ஒரு மிசுனு வச்சிருக்கான், அதுக்கு நம்ம வெடிமருந்து வாசன நல்லாத் தெரியும்."

அதற்கென்ன, போகவில்லை என்றார் சங்கரபாண்டியன். மனசாரத்தான் சொன்னார்.

ஆனால் பழக்கம் யாரை விட்டது? அந்தக் கம்பெனியைத் தொடங்கிய நாளிலிருந்து, வாசலில் இருக்கும் காளியம்மன் மாடத்தில் பையை வைத்துத் திருநீறு பூசாமல் அவர் விருதுநகர் தாண்டிப் போனதில்லை. அதில் இன்னொரு முறையும் உண்டு. பயணம் கிளம்புகிறவர் தன் பையைத் தானே தூக்கக் கூடாது. திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற ஒரு கைதான் மாடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் வைக்க வேண்டும். இத்தனை வருஷமும் அது யோகேஸ்வரியின் கை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கார் ஏறியவர், மதுரை ரோட்டுக்குத் திருப்பாமல் வெம்பக்கோட்டைக்கு விடச் சொன்னார். ஐந்து நிமிஷம், வாசலோடு திரும்பிவிடலாம், உள்ளே காலே வைக்கப் போவதில்லை. மிஷினாவது மண்ணாங்கட்டியாவது, அம்மன் பார்த்துக்கொள்வாள். பெரிய பெட்டி காரின் டிக்கியிலேயே இருந்தது. புதுத் தோள்பையை மட்டும் மாடத்தில் வைத்துக் கும்பிட்டார். அந்தப் பைக்குள் இருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பாஸ்போர்ட், மாற்றிக்கொள்ள ஒரு வேட்டி சட்டை, பிறகு பிளாஸ்டிக் உறையில் இறுக்கி ஒட்டிய ஒரு துணிக்கட்டு. யோகேஸ்வரியின் பழைய நூல் சேலையைக் குழந்தைக்காகச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, அவர் கையாலேயே மடித்தது.

கும்பிட்டு நிமிர்ந்தால், பையை எடுக்க ஆளில்லை. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. என்ன செய்வது என்று தெரியாமல் மாடத்தைப் பார்த்தபடி நின்றார்.

சின்னத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து பையை எடுத்தாள். எடுத்தவள் வண்டிக்குக் கொண்டுபோகாமல் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தாள், அவள் அடுத்தவளிடம். மருந்து அறையிலிருந்தும் பேக்கிங் ஷெட்டிலிருந்தும் வந்து நின்ற அத்தனை பெண்களும் வரிசை கட்டிவிட்டார்கள். எல்லார் கையிலும் முந்தின நாட்களின் வெடியுப்புக் கலந்த அலுமினியப் பவுடர் வெள்ளிப்பூச்சாக மின்னியது. எத்தனை தேய்த்தாலும் ரேகைக்குள் தங்கிவிடுகிற பவுடர் அது. மாடத்திலிருந்து கார் வரைக்கும் பை கை மாறிக் கை மாறிப் போனது. நாற்பத்திரண்டு பேர்.

அருள்பாண்டியின் எச்சரிக்கை ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் அந்த நேரத்தில் தொடாதீர்கள் என்று சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

எப்போது ஆபரேஷன் என்று சின்னத்தாய் கேட்டாள். அங்கே புதன்கிழமை காலை எட்டு மணி, நமக்கு அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை என்று புதிதாகக் கற்ற கணக்கைப் பெருமையாகச் சொன்னார். நம்ம வேன் கிளம்புகிற நேரம் என்றாள் அவள். பக்கத்து ஊர்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன் தினமும் ஐந்தரைக்கு டாண் என்று புறப்பட்டுவிடும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரை அவர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

மதுரை விமான நிலையத்தில் பெரிய பெட்டி சிக்கலில்லாமல் உள்ளே போனது. லேகியத்துக்கும் ஒரு தடங்கலும் வரவில்லை. சங்கரபாண்டியன் தெம்பாகத்தான் பாதுகாப்புச் சோதனைக்குப் போனார். மணி பதினொன்றே கால். வடக்கத்தி இளைஞர் ஒருவர் காக்கி உடையில் நின்றிருந்தார். ஒரு சின்னத் துணிப் பட்டையால் பையின் பிடியைத் துடைத்து, அதை மிஷினுக்குள் செருகினார். மிஷின் கத்தியது. திரை சிவப்பானது. இன்னொரு பட்டையால் இன்னொரு தடவை துடைத்தார். மறுபடியும் சிவப்பு. அந்த இளைஞர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உள்ளங்கையைக் காட்டச் சொல்லித் துடைத்தார். கைக்கும் கத்தியது.

சங்கரபாண்டியன் பதறிவிடவில்லை. பாட்னாக்காரர்களோடு பேசிப் பேசிக் கற்ற வியாபார இந்தி அவரிடம் கொஞ்சம் உண்டு. ஒரு வார்த்தை விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எங்கள் கம்பெனி பட்டாசுக் கம்பெனி என்று இந்தியில் அறிவித்தார். பின்னால் நின்ற வரிசை இரண்டு அடி நகர்ந்துகொண்டது. தானே போய் வம்பை விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

தனியாக ஒரு மேஜைக்கு அழைத்துப் போனார்கள். இன்ஸ்பெக்டராக இருந்த அம்மாள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். மணி பதினொன்றே முக்கால். ஒலிபெருக்கியில் சென்னை விமானத்துக்கு அழைப்பு வந்தது. ஒன்பதரை மணி நேரம் இனாமாகக் கிடைத்த மனுஷர், இப்போது அரை மணி நேரத்துக்குப் பிச்சை எடுக்கும்படி ஆனது. காலை ஏழரைக்கு மதுரை ரோட்டில் நேராகப் போகாமல் திரும்பிய அந்த ஒரு திருப்பத்தை நினைத்துத் தன்னையே வைதுகொண்டார். மகள் அங்கே தனியாக உள்ளே போகப்போகிறாள், காரணம் தன் புத்தி.

அப்போதுதான் வாக்கி டாக்கியோடு ஓடி வந்தாள் ஒரு பெண். விமானக் கம்பெனிச் சீருடை, சட்டையில் பாண்டிமீனா என்று பெயர் அட்டை. இன்னும் வராத ஒரு பயணியைத் தேடித்தான் வந்திருந்தாள். மேஜை மேல் பாஸ்போர்ட்டில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். அவளுக்கு மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாள் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். இந்தப் பையை உங்களைத் தவிர வேறு யாராவது தொட்டார்களா? பாண்டிமீனா அதைத் தமிழில் சொன்னாள்.

வேலைக்காரப் பொம்பளைகள் தொட்டுத் தொலைத்துவிட்டார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினார். அது பொய்யில்லை, ஆனால் அப்படிச் சொன்னால் தான் மனுஷனே இல்லை என்று பட்டது.

"தொட்டாக தாயி" என்றார். "நாப்பத்திரண்டு பேரு. எம் பொஞ்சாதி இல்லாத கொறைக்கு, நான் நல்லபடியாத் திரும்பணும்னு எங் கம்பெனிப் பிள்ளைக அம்புட்டுப் பேரும் தூக்கிக் குடுத்தாக."

பாண்டிமீனா இந்தியில் நீளமாகப் பேசினாள். பாதிதான் அவருக்குப் புரிந்தது. நாற்பத்திரண்டு என்றதும் இன்ஸ்பெக்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்ததைக் கவனித்தார். அதன் பிறகு அந்தப் பெண் தன்னைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அது என்னவென்று அவளே அவரிடம் தமிழில் சொன்னாள். அவள் அம்மாவும் பட்டாசு வேலைதான். இவள் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பைக்கு இதே மிஷின் கத்தியதாம். ஒரு மணி நேரம் இதே மேஜையில் நிறுத்தி வைத்தார்களாம்.

"இப்பவும் அம்மாதான் சாப்பாடு கட்டிக் குடுப்பாக. நான்தான் பைய மாத்திருவேன்" என்றாள். "அம்மாவுக்கு எடது கையில ரெண்டு வெரலு கெடையாதுய்யா. ஒரு கம்பெனியில வெடிச்சிருச்சு."

எந்தக் கம்பெனி என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தன் கம்பெனியில் அப்படி ஒரு விபத்து நடந்ததில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அந்த இடத்தில் அது ஒரு பெருமையாகத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பிள்ளைக்குத் தன்னிடம் இரக்கப்பட ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்காகப் படபடத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் முடிவு சொன்னார். விதி விதிதான், விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் பையை இங்கேயே விட்டுவிட்டு, கையைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு வரட்டும். எல்லாவற்றையும் மறுபடி சோதிப்போம். மிஷின் பச்சை காட்டினால் போகலாம்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு பத்துக்கு விமானத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடுவார்கள். பாண்டிமீனா அவரைக் கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள். அவர் பின்னால் ஓடினார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வேண்டும், நகக்கண்ணை விடக் கூடாது என்று வாசலில் நின்று சொன்னாள். இது அவள் தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. அயர்ன் கடைக்காரர் உறையில் போட்டுக் கட்டியிருந்ததால் மாற்று வேட்டி சட்டை மருந்து படாமல் இருந்தது. உடுத்திக்கொண்டு வந்து கையை நீட்டினார். சிவப்பு. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழுவியது போதாது, ரேகைக்குள் இருக்கிறது, இன்னொரு தடவை போங்கள் என்றாள் அவள். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி, தன் பாத்திரம் தேய்க்கும் நாரை உடைக்காத புதுப் பாக்கெட்டாக எடுத்து நீட்டினாள். அதை வைத்துத் தோல் சிவக்கத் தேய்த்தார்.

பச்சை.

துணிக்கட்டைத் துடைத்தார்கள். அதற்கும் பச்சை. ஒட்டிய உறை அதைக் காப்பாற்றிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் எல்லாவற்றையும் எதில் போட்டு எடுத்துப் போவது? அந்தத் துப்புரவு அம்மாவே புதுக் குப்பைப்பை ஒன்றை உதறி விரித்துக் கொடுத்தாள். கறுப்புக் கலரில், ஆள் உயரத்துக்கு இருந்தது. லட்சக்கணக்கில் லோடு ஏற்றும் முதலாளி, கனடாப் பயணத்துக்குக் குப்பைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார். பாண்டிமீனா முன்னால் வாக்கி டாக்கியில் பேசியபடி ஓடினாள். கடைசி ஆளாக உள்ளே போகும்போது மணி பன்னிரண்டு ஒன்பது.

நின்று ஒரு நன்றி சொல்ல நேரம் இல்லை. வாசலில் திரும்பி, கழுவிச் சிவந்த இரண்டு கையையும் சேர்த்து அந்தப் பிள்ளையைக் கும்பிட்டார். வயசில் பெரியவர் கும்பிடக் கூடாது என்று அவள் பின்வாங்கினாள். அதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கே மறுபடி ஒரு மிஷின். கையை நீட்டினார், பச்சை. துபாயிலும் பச்சை. அதற்கப்புறம் பதினாலு மணி நேரம் ஒரே இருட்டு. முன் சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் தூங்கவில்லை. பெயர் பெயராகச் சொல்லி அந்த வரிசையை எண்ணிப் பார்த்தார். சின்னத்தாய், சுப்புத்தாய் என்று தொடங்கி முப்பத்தொன்றோடு நின்றுவிட்டது. பதினொரு பேருடைய பெயர் அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் முதலாளியாக இருந்தவருக்கு அது வெட்கமாக இருந்தது. போனதும் சோலைமலையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம் டொரண்டோவில் இறங்கியது. வேட்டி கட்டி, தோளில் குப்பைப்பையோடு வெளியே வந்த மாமனாரைப் பார்த்துச் சரவணக்குமார் என்ன மாமா இது என்று கேட்டார். பிரீத்திகா கேட்கவில்லை. நிறைமாத வயிற்றோடு வந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அங்கேதான் அழுது தீர்த்தாள்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். பக்கத்தில் சரவணக்குமார் கையைப் பிடித்துக்கொண்டு போனார். வெளியே பேரனை மடியில் வைத்துக்கொண்டு தாத்தா உட்கார்ந்திருந்தார். வந்த காரியம் அவ்வளவுதான். பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அதைவிடப் பெரிய வேலை எதையும் அவர் வாழ்க்கையில் செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

எட்டு இருபதுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஒன்பது மணிக்கு அறைக்குள் கூப்பிட்டார்கள். பிரீத்திகா களைத்துப் படுத்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. நர்ஸ் குழந்தையை நீட்டினாள். சங்கரபாண்டியன் கையை இழுத்துக்கொண்டார். மூலையில் இருந்த குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பவும் கழுவினார். மூன்றாவது தடவை நகக்கண்ணைத் தேய்க்கும்போது, போதும் போதும் என்று நர்ஸ் சிரித்தாள். யோகேஸ்வரியின் சேலைத் துணியைக் கையில் விரித்து, அதன் மேல் குழந்தையை வாங்கினார். சின்னஞ்சிறு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தும் இருந்தன. யாரோ ஒரு தாயின் கையில் எட்டுதான் என்பது நினைவுக்கு வந்து, கண் நிறைந்துவிட்டது.

ஒன்பது பத்துக்குச் சோலைமலைக்குப் போன் போட்டார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசல் அறையில்தான் வைத்திருப்பார்கள். இந்நேரம் ஆறே முக்கால் ஆகப்போகிறது, சோலைமலை வீட்டுக்கே போயிருப்பார் என்று நினைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அவர். பெண் குழந்தை, இருவரும் நலம், நாளைக்குக் காலையில் வேலைக்கு வந்ததும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு என்றார் சங்கரபாண்டியன்.

"நாளைக்கு எதுக்கு மொதலாளி? நீங்களே சொல்லுங்க. வேனு இன்னும் கெளம்பல."

முதலில் அவருக்குப் புரியவில்லை. வண்டி பழுதா என்று கேட்டார். பழுதெல்லாம் ஒன்றுமில்லை என்றார் சோலைமலை. ஐந்தரைக்கு எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள், ஆனால் சாவியைச் சின்னத்தாய் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டில் உலை வைக்க வேண்டிய பெண்கள், தண்ணீர் பிடிக்க வேண்டிய பெண்கள், நாற்பத்திரண்டு பேரும் இருட்டுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திகூட இறங்கவில்லை.

போன் கை மாறிக் கை மாறி உள்ளே போகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னத்தாயின் குரல்.

"மொதலாளி, பிரீத்திப் பிள்ள தனியாப் போகலையே?"

"போகல சின்னத்தாயி. மாப்ள கூடத்தான் இருந்தாரு."

"அது போதும். பைய பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துட்டீகளா?"

மதுரையில் ஒரு மேஜைக்கு அடியில் கிடக்கிற பையை நினைத்தார். அது கத்தியதை, தான் ஓடியதை, பாண்டிமீனாவை, எல்லாவற்றையும் ஒரு நாள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு பெயரையும் தெரிந்துகொண்ட பிறகு சொல்ல வேண்டும்.

"நீங்க தூக்கிக் குடுத்தது வீணாகல தாயி" என்றார். "நான் வந்து சேந்துட்டேன்ல?"

நன்றி என்று சொல்ல வாயெடுத்தார்; அந்த வார்த்தையை அவர்களிடம் அவர் ஒருநாளும் சொல்லிப் பழகியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார், இரண்டு தடவை. அந்தப் பக்கம் வேனுக்குள் யாரோ ஒருத்தி குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிற ஊரில், ஆஸ்பத்திரி அறைக்குள் அந்தக் குலவை கேட்டது. குழந்தை கண்ணைத் திறந்து மூடியது. படுக்கையில் இருந்த பிரீத்திகா கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் வைக்கச் சொன்னாள்.

குலவை அடங்கியதும் சின்னத்தாய் சாவியை அவிழ்த்துக் கொடுப்பது கேட்டது.

"எடுப்பா வண்டிய" என்றாள் டிரைவரிடம். "அடுப்புப் பத்த வைக்க நேரமாச்சு."

வேன் கிளம்பி, ஒவ்வொரு ஊராக நின்று, கடைசிப் பெண்ணும் வீடு போய்ச் சேர்ந்தாள் என்று சோலைமலை திரும்பக் கூப்பிட்டுச் சொல்லும்வரை, சங்கரபாண்டியன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.